பரணில் கிடைத்த வீடியோ கேம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றிய கேள்விகள் நிறைய இருந்தன. அவற்றிலிருந்து நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): 1996இல் அப்பா வாங்கிக் கொடுத்த வீடியோ கேம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் கிடைத்தது. எல்இடி டிவியில் இணைத்தேன்; மரியோவும் கான்ட்ராவும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் வாத்து சுடும் விளையாட்டில், துப்பாக்கியை எங்கே பிடித்துச் சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி பழுதாகிவிட்டதா? என் மகனோ, "கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு எல்லாவற்றையும் விளையாடலாம், இதைப் பழைய சாமானுக்குப் போட்டுவிடுங்கள்" என்கிறான். அவன் சொல்வது சரியா?

பதில்: பெரும்பாலும் துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், அதற்கு ஏற்ற டிவிதான் உங்கள் வீட்டில் இப்போது இல்லை.

அந்தத் துப்பாக்கியிலிருந்து டிவியை நோக்கி எதுவும் பாய்வதில்லை. டிவியிலிருந்து வரும் ஒளியைத்தான் அது பார்க்கிறது. நீங்கள் விசையை அழுத்தியதும் விளையாட்டு ஒரு ஃபிரேம் (அதாவது டிவி ஒரு முறை காட்டும் ஒற்றைப் படம்) நேரத்துக்குத் திரை முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்றை வரைகிறது. இரண்டு வாத்துகள் பறந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிரேம் ஒதுக்கி, எந்த ஃபிரேமில் வெளிச்சம் தெரிந்தது என்பதைக் கொண்டு விழவேண்டிய வாத்து எது என்று முடிவு செய்கிறது. துப்பாக்கிக் குழலின் நுனியில் உள்ள ஒளி உணரி முதலில் இருட்டையும், உடனே அதைத் தொடர்ந்து வெளிச்சத்தையும் கண்டால்தான் குறி தப்பவில்லை என்று பொருள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாடியிருந்தால், விசையை அழுத்தும்போதெல்லாம் எதிர்ச்சுவர் ஒரு கணம் இருண்டு மீள்வதைக் கவனித்திருப்பீர்கள்.

இவை அனைத்தும் ஒரு வினாடியின் மிகச் சிறிய பகுதிக்குள் நடந்து முடிகின்றன. பெட்டி அனுப்பும் படத்தை பிக்சர் டியூப் டிவி அந்தக் கணமே கோடு கோடாக வரைந்துவிடும். எல்இடி டிவியோ அதை வாங்கிவைத்து, அளவை மாற்றி, மெருகேற்றி, அதன் பிறகே காட்டுகிறது. ஆகவே "வெளிச்சம் தெரிகிறதா?" என்று விளையாட்டு கேட்கும் நேரத்தில் அந்த வெள்ளைக் கட்டம் இன்னும் திரைக்கு வந்து சேர்ந்திருக்காது. இந்த விளையாட்டை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் துப்பாக்கியில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. டியூப் டிவி வினாடிக்கு ஏறத்தாழ 15,600 கோடுகள் வரைவதால் எழும் ஒளித்துடிப்பை மட்டுமே ஏற்கும்படி அதன் மின்சுற்று அமைக்கப்பட்டிருந்தது. எரிந்துகொண்டிருக்கும் குண்டு பல்பை நோக்கிப் பிடித்து அதை ஏமாற்றிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். மரியோ, கான்ட்ரா வரையில் அவர் சொல்வது சரி. இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் மூலமான, நிண்டெண்டோவின் ஃபேமிகாம், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் மூளை வினாடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் முறை துடிக்கும் ஒரு 8 பிட் சில்லு. வேலை செய்வதற்கு அதற்கு இருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். அதன் ஒவ்வொரு துடிப்பையும் அப்படியே நடித்துக்காட்ட இன்றைய சாதாரணக் கைபேசியாலும் முடியும். எமுலேட்டர் செய்வது அதைத்தான். நிண்டெண்டோ 2016இல் வெளியிட்ட சிறிய என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பெயர்) கிளாசிக் பெட்டிக்குள்ளும், கொனாமி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா தொகுப்புக்குள்ளும் இருப்பவை எமுலேட்டர்களே. ஆகவே எமுலேட்டரில் விளையாடுவதைப் போலி விளையாட்டு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனினும் எமுலேட்டரில் மரியோவைக் குழியின் விளிம்பிலிருந்து தாவவைத்தால் பலருக்கும் அவர் குழிக்குள்ளேயே விழுகிறார். பழைய பெட்டியில், பித்தானை அழுத்தியதற்கு அடுத்த ஓரிரு ஃபிரேமிலேயே மரியோ எழும்பிவிடுவார். ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 17 மில்லிவினாடி. இப்போதோ புளூடூத் ஜாய்ஸ்டிக் சிறிது தாமதிக்கிறது, கம்ப்யூட்டர் சிறிது தாமதிக்கிறது, டிவி எல்லாவற்றையும்விட அதிகமாகத் தாமதிக்கிறது. எல்லாம் சேர்ந்து கைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளியை உண்டாக்கிவிடுகின்றன. மகனிடம் சொல்லி டிவியில் கேம் மோடை இயக்குங்கள்; ஜாய்ஸ்டிக்கைக் கம்பி மூலம் இணைக்கச் சொல்லுங்கள். ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் ரன் அஹெட் என்றொரு வசதி உள்ளது. அது அடுத்து வரவேண்டிய ஃபிரேமை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டி, விளையாட்டின் உள்ளேயே இருக்கும் தாமதத்தைக்கூடக் குறைத்துவிடும்.

ஆகவே அன்றாடம் விளையாடுவதற்கு எமுலேட்டரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டியைப் போட்டுவிடாதீர்கள். எமுலேட்டரில் வாத்தை மௌஸால் சுடலாம்தான். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்துச் சுட்ட விளையாட்டு அதில் கிடைக்காது.

கேள்வி (வாசகி, தூத்துக்குடி): எமுலேட்டரில் மரியோ விளையாடினால், அதன் இசை நான் சிறுவயதில் கேட்டதைவிட வேகமாக ஓடுகிறது. மரியோவும் வேகமாக ஓடுவதாகத் தோன்றுகிறது. எமுலேட்டரில் கோளாறா, என் நினைவில் கோளாறா?

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, ஏனென்றால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உங்கள் காது அந்த வேகத்தைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறது.

1985இல் வெளிவந்த அந்த விளையாட்டு, வினாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் ஜப்பானிய டிவிக்காக எழுதப்பட்டது. நம் நாட்டு டிவிகள் பின்பற்றியதோ வினாடிக்கு 50 முறை படம் காட்டும் பால் (PAL) முறை. 1990களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை நிண்டெண்டோ செய்தவை அல்ல. தைவானில் உருவான நகல் சில்லுகளைக் கொண்டு செய்தவை. பால் முறை டிவிகளுக்காக யூஎம்சி நிறுவனம் செய்த சில்லுகள் வினாடிக்கு 50 ஃபிரேமையே அனுப்பின. இசையை வாசிக்கும் நிரலோ ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் அடி என்று நகர்வது. எனவே ஜப்பானில் 50 வினாடிகளில் முடிந்த மெட்டு உங்கள் வீட்டில் முடிய 60 வினாடிகள் ஆகியிருக்கும். மரியோவின் ஓட்டத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் சுருதி ஏறத்தாழ மாறவில்லை. சுருதியைத் தீர்மானிப்பது சில்லின் துடிப்பு வேகம். ஜப்பானியப் பெட்டியில் 1.79 மெகாஹெர்ட்ஸ் ஆக இருந்தது இந்த நகல்களில் 1.77 ஆக இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

எஃப்சிஇயூஎக்ஸ் (FCEUX), மெசன் (Mesen) ஆகிய இரண்டு எமுலேட்டர்களிலும் மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் டெண்டி என்றொரு பெயர் இருக்கும். அது 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த, இதே வகைச் சில்லுகளைக் கொண்ட நகல் பெட்டியின் பெயர். அதைத் தேர்ந்தெடுங்கள். அருகிலேயே இருக்கும் பால் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது நிண்டெண்டோவின் ஐரோப்பியப் பெட்டிக்குரியது. அதன் சில்லு 1.66 மெகாஹெர்ட்ஸில் ஓடியதால் சுருதியும் அரை சுரத்துக்குமேல் இறங்கிவிடும். அப்போதும் ஒலியின் குணம் பொருந்தவில்லை என்றால், ஒலி அமைப்பில் டியூட்டி சைக்கிளை இடம் மாற்றும் தெரிவையும் போட்டுப் பாருங்கள். நகல் சில்லுகள் பலவற்றில் சதுர அலைகளின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருந்தன. அதனால் அதே மெட்டு சற்று வேறு குரலில் ஒலித்தது.

அசல் கருவியா, எமுலேட்டரா என்று வாதிடுபவர்கள் நம் வீட்டுக் கதையை மறந்துவிடுகிறார்கள். இன்று நீங்கள் ஜப்பானிலிருந்து ஓர் உண்மையான ஃபேமிகாமை வரவழைத்தாலும், அதில் கேட்கப்போவது நீங்கள் வளர்ந்த இசை அல்ல. அந்த இசை அந்த நகல் பெட்டியிலும், சரியாக அமைத்த எமுலேட்டரிலும்தான் இருக்கிறது.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எமுலேட்டரும் அதற்கான விளையாட்டுக் கோப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கிக்கொள்வது சட்டப்படி குற்றமா?

பதில்: எமுலேட்டர் வேறு, விளையாட்டுக் கோப்பு வேறு. சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியைப் போல இயங்கும் மென்பொருள் ஒன்றை கனெக்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியபோது சோனி வழக்குத் தொடுத்தது. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கருவியின் செயலைப் புரிந்துகொண்டு தாமே புதிதாக எழுதிய நிரல் திருட்டு ஆகாது என்பதே அதன் சாரம். விளையாட்டுக் கோப்போ பதிப்புரிமை உள்ள படைப்பு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படுவதற்காக அந்தப் பிரதியிலிருந்தே காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் ஏற்றிவைத்ததை இறக்கிக்கொள்வதற்கு அது இடம் தரவில்லை. ஒரே கேசட்டில் 9999 விளையாட்டு என்று அச்சிட்டு, ஏழெட்டு விளையாட்டுகளையே திரும்பத் திரும்பப் பட்டியலிட்ட கேசட்டுகள் உரிமம் இல்லாதவை என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தாது.

இன்றும் விற்பனையில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்குவதே நியாயம். கான்ட்ரா தொகுப்பு கம்ப்யூட்டருக்கே கிடைக்கிறது. விற்பனையிலேயே இல்லாதவற்றின் நிலைதான் என்னை வருத்துகிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்தும்படி நூலகங்கள் வழங்க அனுமதி கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், நூலகத்தில் வைத்துக் காட்டவும் விடமாட்டோம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி (வாசகர், மதுரை): கேசட்டை ஊதிப் போட்டால் ஓடுவது ஏன்? எங்கள் வீட்டுப் பழைய டியூப் டிவியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடலாமா?

பதில்: ஊதியதால் ஓடுவதில்லை, கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் சரியாகப் பொருந்திவிடுவதால்தான் ஓடுகிறது. எச்சில் ஈரம் நாளடைவில் அந்தப் பின்களை அரித்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கேசட்டின் பொன்னிறப் பட்டைகளைத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். பழைய அடாப்டர் தொலைந்துவிட்டதென்றால் கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பார்க்க வேண்டாம்; பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜையும், பின்னின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

டிவியைப் போடாதீர்கள். படம் தெளிவாகத் தெரிகிறதென்றால், ஈரம் படாத இடத்தில், துணி போர்த்தி வையுங்கள். படம் வரவில்லை என்றாலும் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும். டியூப் டிவி பழுதுபார்த்த அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரேனும் உங்கள் பகுதியில் இன்னும் இருப்பார், அவரிடம் கொடுங்கள்.