புதுப் பின்னல் தொகுப்புகளில் எதைத் தேடுவது?

கல்லடியில் இருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் ரொறன்ரோவில் இருக்கிறா, வருகிற தை மாதம் பிள்ளை கிடைக்க இருக்கிறது, மகள், மருமகன், பேரப்பிள்ளை மூன்று பேருக்கும் குளிருக்கு ஏதாவது கையால் பின்னி அனுப்ப ஆசை. பள்ளிக்கூடத்தில் படித்த பின்னல் இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் புதிதாக வந்திருக்கிற பின்னல் மாதிரித் தொகுப்புகளைப் போனில் பார்க்கத் தொடங்கினால் எல்லாமே வடிவாகத்தான் தெரிகிறதாம், இரவு வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றையும் தீர்மானிக்காமல் படுத்துவிடுகிறாராம். குளிரே தெரியாத ஊரில் இருந்துகொண்டு குளிர் உடுப்பை எப்படித் தெரிவு செய்வது என்பதுதான் கேள்வி.

ரீச்சர், தொகுப்பைத் திறக்க முதல் மகளுக்கு ஒரு கோல் எடுங்கள். என்ன டிசைன் வேண்டும் என்று கேட்க வேண்டாம், அதற்கு "எதுவெண்டாலும் சரி அம்மா" என்றுதான் பதில் வரும். போன குளிருக்கு எதைத் திரும்பத் திரும்பப் போட்டீங்க, எது சும்மா அலுமாரிக்குள் கிடந்தது என்று கேளுங்கள். அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், வெளியே போக கடையில் வாங்கிய மொத்தமான ஜாக்கெட் இருக்கும். அதனால் நாம் இங்கிருந்து நினைக்கிற தடித்த சுவெட்டரை வீட்டுக்குள் போட்டால் வேர்க்கும், ஜாக்கெட்டுக்குள் போட்டால் கை மடங்காது. தை மாதத்தில் பகலிலேயே பூச்சியத்துக்குக் கீழே போகிற ஊரில் காற்று புகுவது காதுக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும்தான். தொப்பி, தலைவழியே போடுகிற கழுத்துப் பட்டி, கையுறை, சொக்ஸ், இவைதான் ஒவ்வொரு நாளும் பாவனைக்கு வரும். சின்னச் சாமான்கள் என்று குறைவாக நினைக்காதீர்கள், கதவைத் திறந்து வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் கைவேலை அவர்கள் உடம்பில் இருக்கும்.

இனித் தொகுப்புகள். குளிருக்கான புதுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஆவணி, புரட்டாதி வாக்கிலேயே வந்துவிடும். படத்தில் பனி இருக்கும், மரவீடு இருக்கும், நல்ல வெளிச்சம் இருக்கும், அந்த வடிவில் பாதி வெளிச்சத்தின் வடிவு. ஆகவே முதற்படத்தைத் தாண்டிப் போய், கிட்டத்தில் எடுத்த துணியின் படம் இருக்கிறதா, அளவுகள் போட்ட கோட்டுப்படம் இருக்கிறதா, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி, அதாவது ஊசியில் விழுகிற வளையம், என்று எழுதியிருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் இல்லாத மாதிரியை நான் தொடவே மாட்டேன். பின்னல் மாதிரிகளைத் திரட்டி வைத்திருக்கிற ராவல்ரி இணையத்தளத்தில் நூலின் தடிப்பையும் கையில் இருக்கிற நூலின் நீளத்தையும் கொடுத்து வடிகட்டித் தேடலாம், நோர்வேயின் நூல் நிறுவனமான ட்ரொப்ஸ் தன் மாதிரிகளை இலவசமாகவே தருகிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

இவ்வளவு நாளும் உங்களைக் குழப்பியது எண்ணிக்கைதான் என்று நினைக்கிறேன். உண்மையில் புதிது என்று வருகிறவற்றில் பெரும்பகுதி நாலைந்து பழைய குடும்பங்களின் பிள்ளைகள். ஷெட்லாந்துத் தீவுகளின் ஃபெயார் ஐல் வேலையில் பல நிறம் தெரியும், ஆனால் ஒரு வரிசையில் இரண்டு நிறத்துக்கு மேல் ஓடாது. நோர்வேயின் செல்பு வேலையில் எட்டு முனை நட்சத்திரம், அனேகமாகக் கறுப்பும் வெள்ளையும். இந்த இரண்டிலும் பாவிக்காத நூல் பின்பக்கம் ஓடுவதால் துணி இரட்டைத் தடிப்பாகும், அதனால் சூடு கூட. அயர்லாந்தின் அரன் வேலை கயிறு முறுக்கியது போன்ற கேபிள், அது துணியை இறுக்கிச் சுருக்கும், கண்ணியும் நூலும் கூடுதலாகக் கேட்கும். ஐஸ்லாந்து சுவெட்டரில் தோளைச் சுற்றி வட்டமாகப் பூவேலை. இவற்றை அடையாளம் பிடிக்கப் பழகிவிட்டால் இருநூறு படங்கள் நாலு கேள்வியாகச் சுருங்கும். பிறகு ஒரு மாதிரியில் இருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். ஒன்றில் விளிம்பு பிடித்திருக்கும், இன்னொன்றில் நிறச்சேர்க்கை, வேறொன்றில் தொப்பியின் உச்சியைக் குறைத்த விதம். முழு மாதிரியையும் அப்படியே பின்னித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, நிறமும் பூவும் தூர தேசத்தில் இருந்துதான் வர வேண்டுமா? உங்கள் வீட்டுப் பன்பாயில் ஓடுகிற சாய்சதுரங்களையும் மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கரையையும் ஒருக்கால் உற்றுப் பாருங்கள். கட்டம் கட்டமாக எண்ணக்கூடிய வேலைகள் அவை, பின்னலுக்கு அப்படியே ஒத்து வரும். ஒரு விசயத்தில் மட்டும் கவனம். பின்னலில் ஒரு கண்ணி சதுரமாக இருக்காது, உயரத்தைவிட அகலம் கூட. 10 சென்ரிமீற்றருக்கு அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 30 வரிசை வருகிற துணி என்று வைத்துக்கொள்வோம். கணக்குக் கொப்பியின் சதுரக் கட்டத்தில் 11க்கு 11 என்று ஒரு சாய்சதுரம் கீறினால், பின்னி முடிய அது 5 சென்ரிமீற்றர் அகலமும் 3.7 சென்ரிமீற்றர் உயரமுமாகச் சப்பிப் போய்விடும். அதையே 11 கண்ணிக்கு 15 வரிசை என்று நீட்டிக் கீறினால் பாயில் பார்த்த உருவம் வரும். பின்பக்கம் ஓடுகிற நூல் நாலைந்து கண்ணிக்கு மேல் தொங்கினால் நடுவில் ஒருக்கால் கொளுவி விடுங்கள், இல்லாவிட்டால் கையுறைக்குள் விரல் மாட்டும். மருமகனின் தொப்பிக்கு கரு நீலத்தில் மண்சிவப்புச் சாய்சதுரம் வைத்தால், அவர் அதைக் கழற்றவே மாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஊசி விசயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அம்மாமார் காலத்து ஊசிகளில் இருப்பது பழைய பிரித்தானிய இலக்கம், அதில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். அமெரிக்க இலக்கம் நேர் எதிர். உங்கள் பெட்டியில் இருக்கிற 8ஆம் இலக்க ஊசி 4 மில்லிமீற்றர், அமெரிக்க மாதிரி சொல்லும் 8 என்பது 5 மில்லிமீற்றர். இலக்கத்தை விட்டுவிட்டு மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள்.

அப்புறம், மாதிரித் துண்டு. இதைப் பின்னாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். நம் பக்கத்துக் கடைகளில் அந்த மாதிரியில் சொல்லியிருக்கிற நூல் கிடைக்காது, கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக், லேபலும் எப்போதும் இருக்காது. ஆகவே 15 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டு பின்னி, கழுவிக் காயவைத்து, நடுவில் 10 சென்ரிமீற்றரை எண்ணுங்கள். 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் சின்ன வித்தியாசம் போலத்தான் இருக்கும். ஆனால் 92 கண்ணி ஏற்றிய சின்னப்பிள்ளைத் தொப்பி 42 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 46 சென்ரிமீற்றரில் வந்து நிற்கும், ஒரு வயதுப் பிள்ளையின் தலைச்சுற்றே கிட்டத்தட்ட அவ்வளவுதான், பிடிமானம் இல்லாமல் கண்ணை மூடும். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள், கூட வந்தால் தடித்த ஊசிக்கு.

ஒரு வயது அளவை வேண்டுமென்றுதான் சொன்னேன். தை மாதம் பிறக்கிற பிள்ளைக்குப் பிறந்த அளவில் ஒரு தொப்பி போதும், தலைச்சுற்று 35 சென்ரிமீற்றர் வாக்கில் இருக்கும், அது கொஞ்ச நாளிலேயே சின்னதாகிவிடும். அடுத்த குளிர் வரும்போது பிள்ளைக்கு ஒரு வயதை நெருங்கும், உங்கள் நேரத்தை அந்த அளவில் போடுங்கள். பிள்ளைக்குச் சால்வையோ கட்டுகிற நீளக் கயிறோ வேண்டாம், கழுத்தில் சுற்றும். பொத்தானும் வேண்டாம், வாயில் போகும். கையுறையில் பெருவிரல் தேவையில்லை. போர்வை பின்னினால் தொட்டிலுக்குள் போடக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள், ஒரு வயது ஆகும்வரை தொட்டிலில் தளர்ந்த துணி எதுவும் இருக்கக் கூடாது. காரிலும் தடித்த உடுப்புக்கு மேல் பெல்ட் கட்டினால் பெல்ட் இறுகாது, மெல்லிய உடுப்போடு பெல்ட்டைக் கட்டி அதற்கு மேல்தான் போர்வை. புதுத் தாய்க்கு எல்லாவற்றையும் மெஷினில் போடத்தான் நேரம் இருக்கும், அதனால் பிள்ளைக்கு அக்ரிலிக் அல்லது மெஷினில் கழுவக்கூடிய, சூப்பர்வாஷ் என்று எழுதிய கம்பளி. சாதாரணக் கம்பளி மெஷினில் சுருங்கித் தடித்துவிடும், ஆனால் ஈரப்பட்டாலும் சூடு காக்கும், பெரியவர்களின் கையுறைக்கு அதுதான் நல்லது. கொழும்புக்கு யாரும் போனால் சொல்லி எடுப்பியுங்கள்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது புத்தி. கழுவி விரித்த துண்டு அப்போது கெதியாகக் காயும், மார்கழி மழையில் நாட்கணக்கில் ஈரம் இழுத்துக்கொண்டு கிடந்து மணக்கவும் தொடங்கும். இதற்குப் புதுத் தொகுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், போன வருடத்துத் தொப்பி இந்த வருடமும் காதை மூடும். முடித்தவற்றை நன்றாகக் காயவிட்டு அனுப்புங்கள், அக்ரிலிக்கில் அயன் பெட்டியை வைக்கவே வேண்டாம், துணி தொய்ந்துவிடும். பார்சலுக்குள் ஒவ்வொரு நூலிலும் ஒரு சின்ன உருண்டை போட்டு, எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதியும் வைத்துவிடுங்கள், ஒரு கண்ணி அறுந்தால் மகள் அங்கேயே தைத்துக்கொள்வா.