ஒரே கணக்கில் மூன்று டெஸ்க்டாப்

அன்புள்ள ஐயா,

4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டேன். எந்த டெஸ்க்டாப் (திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் சூழல்) நல்லது என்று தெரியாமல் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ மூன்றையும் நிறுவி மாற்றி மாற்றி நுழைந்து பார்த்தேன். இப்போது நிறங்கள் குழம்பிவிட்டன, கோப்புகள் வேறு ஏதோ செயலியில் திறக்கின்றன. லினக்ஸ் எனக்குச் சரிவராதோ? எது இலகுவானது? வேலேண்ட் அவசியமா?

கே.

அன்புள்ள கே.,

‘எனக்குச் சரிவராதோ’ என்ற வரிதான் உடனே எழுத வைத்தது. தாராளமாகச் சரிவரும். நீங்கள் சோதித்த முறைதான் தவறு. மூன்றையும் ஒரே பயனர் கணக்கிலா ஓட்டுவது?

அமைப்புகளில் பெரும்பகுதி உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘.கான்ஃபிக்’குக்குள் இருக்கிறது. மூன்று டெஸ்க்டாப்பும் கைவைக்கும் இடம் அது. ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்ட செயலிகளும் தன் நிறத்திலேயே தெரிய வேண்டும் என்று பிளாஸ்மா அங்கே ‘ஜிடிகே-3.0’, ‘ஜிடிகே-4.0’ கோப்புறைகளில் ‘ஜிடிகே.சிஎஸ்எஸ்’, ‘கலர்ஸ்.சிஎஸ்எஸ்’ கோப்புகளை எழுதிவைக்கும். பிறகு க்னோமுக்குள் போனாலும் செயலிகள் அவற்றைப் படிக்கும். எந்தக் கோப்பை எது திறக்கும் என்பது ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’டில், ஒரு டெஸ்க்டாப்பில் மாற்றினால் மற்றவற்றிலும் மாறிவிடும். ‘ஆட்டோஸ்டார்ட்’டில் சேர்ந்தவையும் பெரும்பாலும் அப்படித்தான், எங்கே நுழைந்தாலும் கிளம்பும். இந்தக் கலப்படத்தைப் பார்த்து மூன்றின் மீதும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மூன்று புதிய கணக்குகள் தொடங்குங்கள், டெஸ்க்டாப்புக்கு ஒன்று. நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்ததும் கீழே வரும் பல்சக்கரத்தில் அதற்குரியதைக் குறியுங்கள். ஆவணங்களை மட்டும் நகலெடுங்கள், ‘.கான்ஃபிக்’கைத் தொடவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் உங்கள் அன்றாட வேலையைச் செய்யுங்கள். அரை மணி நேரம் போதாது. பிளாஸ்மாவின் கோப்புத் தேடல் கருவியான ‘பலூ’ முதலில் உங்கள் கோப்புகளையெல்லாம் அட்டவணைப்படுத்தும். ஹார்ட் டிஸ்க் என்றால் அதுவரை எல்லாமே இழுக்கும். அது முடிந்த பிறகு பாருங்கள்.

இலகு பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ்எஃப்சிஇ குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் 4 ஜிபியை விழுங்குவது உலாவி. வழக்கமாகத் திறக்கும் பக்கங்களையெல்லாம் திறந்துவிட்டு டெர்மினலில் ‘ஃப்ரீ’ கட்டளை கொடுத்து, ‘அவைலபிள்’ என்ற பத்தியை ஒப்பிடுங்கள். ‘ஃப்ரீ’ பத்தி சிறிதாக இருந்தால் பயம் வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸின் மையமான கெர்னல், கோப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பித் தரும்.

வேலேண்ட்? சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை அது. வெவ்வேறு பிக்சல் அடர்த்தியில் இரண்டு திரைகள் வைத்திருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

பிடித்தது எதுவென்று தெரிந்ததும் மற்ற இரண்டையும் நீக்குவீர்கள். அப்போது நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலை வரி விடாமல் படித்த பிறகே சம்மதம் கொடுங்கள். நுழைவுத் திரையைக் காட்டும் ஜிடிஎம்3 அதில் இருந்து, எஸ்டிடிஎம், லைட்டிஎம் போல வேறொன்று நிறுவப்படாமலும் இருந்தால், அடுத்த முறை கணினி கருப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டு நிற்கும்.