சோதினைக்கு முன்னம் பார்க்கவேண்டிய அலுவல்கள்: கேள்வி பதில்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒரு ஞாயிறு பின்னேரம், கம்பஸ் (பல்கலைக்கழகம்) போகிற அலுவல் பற்றிக் கதைக்க இருபது பேர் வரையில் கூடினோம். ஓ.எல். (சாதாரண தரம்) எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளைகள், ஏ.எல். (உயர்தரம்) முதலாம் வருடப் பிள்ளைகள், தாய் தகப்பன்மார். நான் ஏ.எல். வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். படிப்பித்ததை விடக் கம்பஸ் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததற்காகத்தான் ஊரில் என்னைக் கூடுதலாகத் தெரியும். அன்று கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே. ஆட்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

சாவகச்சேரி, ஒரு தாய்: ரீச்சர், மகள் இப்பதான் ஓ.எல். எழுதினவள். கம்பஸ் அலுவல் எல்லாம் ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்தாப்பிறகுதானே? இப்பவே என்ன அவசரம்?

ரிசல்ட்ஸ் வந்தபிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்துக்குத் தருகிற காலம் சில வாரங்கள்தான். அந்த நாட்களில் ஒரு பிழையைத் திருத்த நேரம் இராது. இன்றிரவு வீட்டுக்குப் போய் மூன்று தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். அனுமதி அட்டை. பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கோ.

என்னிடம் ஒரு பெடியன் வந்தான், நல்ல கெட்டிக்காரன். தமிழில் அவன் பெயர் 'க'வில் தொடங்கும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 'ஜி', அடையாள அட்டையில் 'கே'. நடுவில் 'ந்த' வருகிற இடத்தில் ஒன்றில் 'டி' மட்டும், மற்றதில் 'ரி எச்'. உள்ளூரில் அதை வைத்து ஒருமாதிரிச் சமாளித்துவிட்டான். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தபோதுதான் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிறுவச் சொன்னார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, பதிவாளர் கந்தோருக்கு ஏறி இறங்கி எல்லாம் சரிவர, முடிவு திகதி போய்விட்டது.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். தகப்பன் பெயரைத்தான் முதலெழுத்தாகப் போடுகிறோம். வெளிநாட்டுப் படிவமோ 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கும். ஒரு பிள்ளை ஒன்றில் தன் பெயரை எழுதும், மற்றதில் அப்பாவின் பெயரை எழுதும். பாஸ்போட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, எல்லாவற்றிலும் அப்படியே எழுதுங்கோ. பாஸ்போட் இல்லையென்றால் எடுக்கும்போதே இதை யோசியுங்கோ.

நெல்லியடி, மாணவன்: மட்ஸ் படிக்கப் போறன். கெமிஸ்ற்றி எனக்கு ஆகாது. அதுக்குப் பதிலா ஐ.சி.ரி. எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் எந்தக் கதவு மூடுகிறது என்று தெரிந்துகொண்டு எடு தம்பி. எஞ்சினியரிங் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேணும். ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பம்) எடுத்தால் கணினி விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் போன்றவை திறந்திருக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2014இல் தொடங்கின, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உனக்குத் திறக்காது. பயோ பிள்ளைகளுக்கும் இப்படித்தான். பௌதிகவியலை விட்டு விவசாயம் எடுத்தால் மெடிசின் இல்லை. ரியூசன் சேர் எது நன்றாகப் படிப்பிக்கிறார் என்று பார்த்துப் பாடம் எடுக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. முதலில் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, நீ ஆசைப்படுகிற துறைக்கு என்ன பாடம் கேட்கிறார்கள் என்று பார். சில துறைகள் ஓ.எல். ஆங்கிலத்தையும் கணிதத்தையும்கூடப் பார்க்கும்.

அதே மாணவன்: மூண்டு ஏ எடுத்தாக் காணும்தானே?

காணும் என்று சொல்ல மாட்டேன். கம்பஸுக்கு ஆள் எடுப்பது 2001இலிருந்து இசட் புள்ளியில். உன் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்கிறார்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, விலகல் 16 என்று வை. நீ 72 எடுத்தால் இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 12. அதே 72க்கு இசட் 1 மட்டும்தான். மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரித்தால் உன்னுடையது வரும். ஏ என்ற எழுத்துக்குள் 75உம் இருக்கும் 95உம் இருக்கும். ஏ வந்துவிட்டது என்று ஒரு பாடத்தை மூடி வைக்கிற பிள்ளைதான் வெட்டுப்புள்ளியில் நூலிழையில் தவறுகிறது.

இன்னொன்று, ஏ.எல்.லோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி இல்லாவிட்டால் மூன்று ஏயும் உதவாது. முதல்நாள் இரவு மட்டும் பார்த்துவிட்டுப் போகிற சோதினை இல்லை அது.

கிளிநொச்சி, ஒரு தகப்பன்: மகனை ஏ.எல்.லுக்கு யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில விடுவம் எண்டு யோசிக்கிறம்.

ஐயா, விடமுன் கணக்குப் பாருங்கோ. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் முழு இலங்கைத் திறமையில் போகும். 55 வீதம் மாவட்டத்தின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மகன் எந்த மாவட்டம் என்பது நீங்கள் குடியிருக்கிற வீட்டை வைத்து முடிவாவதில்லை. சோதினைக்கு முந்தின மூன்று வருடத்தில் படித்த பள்ளிக்கூடத்தை வைத்து முடிவாகிறது. யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளி பொதுவாகக் கிளிநொச்சியை விட மேலே நிற்கும். நல்ல படிப்பித்தல் கிடைக்கும் என்று கொண்டுவந்து, கிடைத்ததை விடக் கூடுதலாக இழந்த வீடுகளை எனக்குத் தெரியும். மகன் அகில இலங்கைத் திறமையில் எடுபடக்கூடியவன் என்றால் அது வேறு கதை. அதை நீங்களும் அவனுடைய ஆசிரியரும்தான் மனம்விட்டுக் கதைக்கவேணும்.

பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் 'எழுபதுகளில தரப்படுத்தல் எண்டு எங்கட பிள்ளைகளின்ர வாழ்க்கையை விழுத்தினது இதுதானே' என்றார். தமிழில் எழுதின பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட மொழிவாரித் தரப்படுத்தல் 1971இல் வந்தது, மாவட்டக் கோட்டா 1974இல். அந்தக் காயம் எனக்கும் தெரியும், என் அண்ணாவுக்கும் இடம் அதில்தான் போனது. ஆனால் இன்றைய பிள்ளை இன்றைய விதிக்குள்தான் விண்ணப்பிக்கவேணும்.

கோண்டாவில், மாணவி: விண்ணப்பத்தில துறைகளை எந்த ஒழுங்கில எழுதுறது? கிடைக்காததை முதலாவதா எழுதினா வாய்ப்பு வீணாகாதோ?

இதற்குத்தான் அன்று கூட நேரம் எடுத்தேன். கணினி உன் பட்டியலை மேலிருந்து கீழே வாசிக்கும். முதலாவதுக்கு உன் புள்ளி காணுமா? காணாவிட்டால் இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எது முதலில் கிடைக்கிறதோ அதில் நிற்பாய், அதற்குக் கீழே எழுதினவை எல்லாம் அழிந்துபோகும். மேலே எழுதினது கிடைக்காததால் கீழே உள்ளதற்கு ஒரு குறையும் வராது. ஆகவே ஆசைப்படி எழுது. கிடைக்கும், கிடைக்காது என்று நீயே சோதினைத் திணைக்களம் ஆகாதே.

ஒரு பிள்ளை, பயோ. மெடிசின் எனக்கெங்கே என்று பயந்து தாதியியலை முதலாவதாகவும் மெடிசினை இரண்டாவதாகவும் போட்டாள். அந்த வருடம் அவளுடைய புள்ளி மெடிசினுக்கும் கண்டிருந்தது. முதலாவது கிடைத்தவுடன் கணினி அங்கேயே நின்றுவிட்டது. தாதியியல் குறைந்த படிப்பு என்று நான் சொல்லவில்லை, அவள் இன்று சந்தோசமாகத்தான் வேலை செய்கிறாள். ஆனால் அவள் விரும்பினது அதுவல்ல. பயத்தில் எழுதின ஒரு வரி.

துறை மட்டுமில்லை, எந்தப் பல்கலைக்கழகம் என்பதும் சேர்ந்துதான் ஒவ்வொரு தெரிவும். யாழ்ப்பாணமா, வவுனியாவா, பேராதனையா என்று தனித்தனியே எழுதவேணும். வவுனியா 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணத்தின் வளாகம் என்று நினைத்து விட்டுவிடாதே. கிடைத்த இடத்தில் பதியமுன் கைநூலில் பதிவு பற்றின பகுதியை ஒருக்கால் வாசி. பதிந்தபிறகு மனம்மாறி அடுத்தமுறை வேறு துறைக்குப் போக விதிகள் இலேசில் விடாது.

இணுவில், ஒரு தாய்: மகள் நல்லாப் பாடுவாள். இராமநாதனுக்குப் போக என்ன செய்யவேணும்?

இராமநாதன் என்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பகுதி. அங்கே இசை, நடனம் போன்றவற்றுக்குச் செயன்முறைச் சோதினை இருக்கிறது. மொறட்டுவைக் கட்டடக்கலைக்கும் உளச்சார்புச் சோதினை. இவற்றுக்குத் தனி அறிவித்தல் வரும், தனியே விண்ணப்பிக்கவேணும். பொது விண்ணப்பத்தில் போட்டேன் என்று வீட்டில் இருந்தால் சரிவராது. பல்கலைக்கழகத்தின் தளத்தைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கோ.

மானிப்பாய், மாணவி: மகாபொல எல்லாருக்கும் கிடைக்குமா?

இல்லை பிள்ளை. கம்பஸ் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுக்கிற இந்தப் புலமைப்பரிசில் திறமைக்கு ஒரு பகுதி, குடும்ப வருமானம் பார்த்து ஒரு பகுதி. கம்பஸ் விண்ணப்பத்தோடு சேர்ந்துதான் அதற்கும் கேட்பார்கள். அந்தப் பகுதியைப் பிறகு பார்ப்பம் என்று தாண்டிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகவும், பல்கலைக்கழகங்கள் கொடுக்கிற உதவிப்பணத்தை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். மகாபொல தவறினால் உதவிப்பணத்துக்குப் பல்கலைக்கழகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வருமானத்துக்கு விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதமும் பிரதேச செயலாளரின் ஒப்பமும் தேவைப்படும். விதானையார் கந்தோரில் எந்த நாள் இருப்பார் என்று முன்னமே கேட்டு வையுங்கோ.

காசு முதல் மாதமே வரும் என்று கணக்குப் போடாதே. தென்னிலங்கையில் கிடைத்தால் போடிங் முற்பணம், பஸ், சாப்பாடு என்று முதல் மூன்று மாதத்துக்குக் கையில் வேணும். உன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும். அதிபரிடம் வாய்திறந்து கேள். கேட்கக் கூச்சப்பட்டு நின்ற பிள்ளைகளைத்தான் கூடக் கண்டிருக்கிறேன்.

உரும்பிராய், மாணவன்: மாமா கனடாவில. நேரே அங்க படிக்கப் போகலாமெண்டு சொல்லுறார்.

மாமாவிடம் ஒரு கேள்வி கேள்: கல்லூரிக் கட்டணம், பயணக் காசு தவிர்த்து வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் எவ்வளவு காட்டவேணும் என்று தெரியுமா? 2024 ஜனவரியில் அதை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆகக் கூட்டினார்கள், பிறகும் ஏறியது. ஏஜென்சிக்காரர் ஒப்பம் கேட்கிற எந்தத் தாளையும் வாசிக்காமல் ஒப்பம் வைக்காதே. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலச் சோதினையின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், வேளைக்கு எழுதிவிட்டு வைத்திருக்கிறதில் பிரயோசனமில்லை.

செலவில்லாத வழி இரண்டு சொல்கிறேன். இந்திய அரசு இலங்கை மாணவருக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இளமாணிப் பட்டத்துக்கு, மெடிசின் இல்லை. யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே போய் விசாரிக்கலாம். மற்றது யப்பானிய அரசின் இளமாணிப் புலமைப்பரிசில், முதல் வருடம் யப்பானிய மொழி படிப்பிப்பார்கள். இரண்டுக்கும் பெயர் ஒத்திருக்கவேணும் என்று முதலாவது பதிலில் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

சங்கானை, மாணவன்: இசட் காணாட்டி?

மூன்று தடவை எழுதலாம். ஆனால் பாடங்களைத் தடவைக்குத் தடவை கலக்க ஏலாது. ஒரே இருப்பில் எடுத்த மூன்றுதான் கணக்கு. மூன்றாந்தரம் எழுதுகிற வருடத்தைச் சும்மா விடாதே. உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கோப்பாய் கல்வியியற் கல்லூரிக்கு வர்த்தமானி வரும். கிளிநொச்சியில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம், கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம். கிளிநொச்சியில் தொழில் படித்தவன் ஒருத்தன்தான் போன மாசம் என் வீட்டு மோட்டரைத் திருத்தித் தந்தான். என் ஓய்வூதியத்தை விட அவன் உழைப்புக் கூட.

கடைசியாக, எல்லாரும் எழும்பினபிறகு ஒரு பெடியன், ஊர் சொல்லவில்லை: ரீச்சர், தகப்பன் வருமானம் எண்டு கேக்கிற இடத்தில என்ன எழுதுறது? அப்பா 2009இல காணாமப் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அம்மாவுக்கு விருப்பமில்லை.

எடுக்கத் தேவையில்லை தம்பி. காணாமல்போனவர் என்பதற்கே ஒரு சான்றிதழ் இருக்கிறது, 2016இல் வந்த சட்டத்தின்படி கொடுக்கிறார்கள். அதில் அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிராது. அம்மாவின் வருமானத்துக்கு விதானையாரிடம் கடிதம் எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். உங்களிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலக வாசலுக்கு வா. நானும் வாறன். பிறப்புச் சான்றிதழின் போட்டோக் கொப்பி இரண்டு கொண்டுவா.