கோஜு-ரியூ கற்ற பையன் ஷோட்டோகானில் சேரும்போது

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. இரண்டு வருடம் கோஜு-ரியூ கராத்தே கற்று ஆரஞ்சு பெல்ட் வாங்கினான். இப்போது வேறு ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே பக்கத்தில் ஷோட்டோகான் கிளாஸ் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார் மாஸ்டர். எல்லாமே கராத்தேதானே, இது நியாயமா?

பதில்: பெல்ட் விஷயத்தில் அவர் சொல்வது நியாயம்தான். ஆனால், கற்றதெல்லாம் வீண் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

கராத்தே பிறந்தது, இன்று ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில். 1879 வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. அரண்மனை ஷுரியில், துறைமுகம் நாஹாவில். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். இன்று ஷுரி நாஹா நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படியும் இரண்டு இடத்திலும் கலை வேறு வேறாக வளர்ந்தது. நாஹாவின் ஹிகாவோன்னா கன்ரியோ சீனாவின் ஃபூஜோ நகருக்குப் போய்க் கற்றுவந்தார். அவருடைய சீடர் மியாகி சோஜுன் வகுத்ததுதான் கோஜு-ரியூ. ஷுரியின் இதோசு ஆன்கோவிடம் கற்றவர்களில் ஒருவர் ஃபுனாகோஷி கிச்சின். 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டியவர் அங்கேயே தங்கிவிட்டார். ஷோட்டோகான் அவர் வழி வந்தது.

உங்கள் மகன் சான்சின் நிலையில் நின்று பழகியிருப்பான்: குறுகிய அடி, லேசாக உள்நோக்கிய பாதம், உடல் முழுக்க இறுக்கம், சத்தம் கேட்கும் மூச்சு. எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு செய்கிற பயிற்சி அது. ஷோட்டோகானில் முன்காலை நீட்டி வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, தூரத்திலிருந்து நேர்கோட்டில் பாய வேண்டும். (இவ்வளவு தாழ்ந்த நிலை ஷுரியில் இருந்ததல்ல, டோக்கியோவில் பின்னால் சேர்ந்தது. ஒகினாவாவில் இன்றும் நிமிர்ந்துதான் நிற்கிறார்கள்.) முதல் சில மாதம் அவன் தன்னையறியாமல் எழுந்து நிற்பான், காலைச் சுருக்குவான். திட்டாதீர்கள்.

கட்டாவும் (தனியாக, வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொடர்) வேறு. அவன் கற்றிருக்கக்கூடிய கெக்கிசாய், மியாகி 1940இல் அமைத்தது. இங்கே ஹெய்யான் கட்டாக்களில் தொடங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக இதோசு உருவாக்கிய பினானின் மறுவடிவம் அவை. பெல்ட் தேர்வே இவற்றை வைத்துத்தான் நடக்கும். ஒன்றுகூடத் தெரியாமல் ஆரஞ்சு பெல்ட் கட்டி வரிசையில் முன்னால் நின்றால் பையனுக்குத்தான் சங்கடம்.

குத்து, உதை, சமநிலை, குமித்தேயில் (இருவர் மோதிப் பழகும் பயிற்சி) எதிராளியின் அசைவைக் கவனிக்கும் கண், இவை எங்கேயும் போய்விடாது. அதனால் மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: அவன் தயாரானால், காத்திருக்க வைக்காமல் சீக்கிரமே தேர்வு எழுத விடுவாரா? தகுதி இருந்தால் ஒரு படி தாண்டிப் போக விடுவாரா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் தேர்வுக் கட்டணத்தை மட்டும் பேசுகிறவராக இருந்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

சான்சினை வீட்டில் தினமும் செய்யச் சொல்லுங்கள். ஷோட்டோகானின் மேல்நிலை கட்டாக்களில் ஹங்கெட்சு என்று ஒன்று உண்டு. முழங்காலை உள்ளே இறுக்கி, மூச்சோடு மெதுவாக நகர்வது. மற்ற பிள்ளைகள் திணறும் அந்த இடம் இவனுக்குச் சுலபமாக வரும்.

கொஞ்சம் தள்ளி ஷிட்டோ-ரியூ கிளாஸ் இருந்தால் அதையும் விசாரியுங்கள். அதை நிறுவிய மபுனி கென்வா, இதோசு, ஹிகாவோன்னா இருவரிடமும் கற்றவர். அதனால் அங்கே பினானும் உண்டு, சான்சினும் உண்டு. எங்கே சேர்த்தாலும் பழைய சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மறுபடி ஊர் மாறிக் கோஜு-ரியூவுக்கே திரும்பினால் அது கேட்கப்படும்.