பண்ணைக்கு மேல் தாழப் பறக்கும் போர் விமானம்: என் பதில்

வணக்கங்க. வேலந்தாவளத்தில் உங்கள் கோழிப்பண்ணைக்கு மேலே போர் விமானம் தாழப் பறந்ததும் குஞ்சுகள் மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் செத்ததாக எழுதியிருந்தீர்கள். மனசு கனத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாடும் ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சூலூர் விமானப்படைத் தளம் நமக்குப் பக்கம். 2018-இல் தேஜஸ் போர் விமானம் அங்கே வந்தது. தரையிறங்க வரும்போது தாழ்வது ஒரு பக்கம். அப்புறம், விமானத்தைக் கண்டுபிடிக்கும் எதிரியின் ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். தரையை ஒட்டிப் பறந்தால் மலையும் பூமியின் வளைவும் மறைத்துவிடும். விமானிகள் அதைப் பழகியே ஆகவேண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 250 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். சத்தம் கேட்டுச் சுதாரிப்பதற்குள் தலைக்கு மேல் வந்துவிடும்.

முதலில் கொட்டகையின் மூலைகளைத் தகடு வைத்து வளைவாக அடைத்துவிடுங்கள், குவிய இடம் இருக்காது. ரேடியோ எந்நேரமும் ஓடட்டும், சத்தம் பழகும். இரவில் சின்ன விளக்கு அவசியம்.

செத்த குஞ்சுகளுக்குக் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். தேதி, நேரம், திசை எழுதி, தளத்துக்கும் கலெக்டருக்கும் மனு கொடுங்கள். உயரத்துக்கு ஒரு வழி: கையை நீட்டுங்கள். தேஜஸின் நீளம் 13.2 மீட்டர். நேர் மேலே போகும்போது விமானத்தின் நீளம் நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் தெரிந்தால் சுமார் 750 மீட்டர்; நடு மூன்று விரல் அகலம் என்றால் 150 மீட்டர்தான். அதையும் மனுவில் சேருங்கள்.