அந்தக் காசு சும்மா கிடக்கவில்லை, தம்பி

கேள்வி: எனக்கு 22 வயது, ஊர் மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடி. ஏ.எல். முடித்துவிட்டு கொம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வேர்க்கிங் பக்கம் போக விருப்பம். சிசிஎஸ்டி, நெட்வேர்க் பிளஸ், சிசிஎன்ஏ என்ற மூன்று சான்றிதழில் எதை முதலில் செய்வது? கொழும்பில் ஒரு வகுப்பில் மூன்றையும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குப் படிப்பிக்கிறார்கள். காசு பிரச்சினையில்லை. தங்கச்சியின் வீட்டுக்கென்று அப்பா போட்டு வைத்தது சும்மாதான் கிடக்கிறது.

பதில்: மூன்று சான்றிதழின் பெயரையும் பிசகாமல் எழுதிய தம்பி, தங்கச்சிக்கு என்ன வயது, அவள் என்ன படிக்கிறாள் என்று ஒரு சொல் எழுதவில்லை. அவள் காசு மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பான். சீதனம் என்று அதைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவன் அவன், பிள்ளைகளோடு தெருவுக்கு வருகிறவள் அவளில்லை. கல்லும் சீமெந்தும் வாங்க அப்பா சேர்த்த காசு அந்த நாளுக்காகக் காத்திருக்கிறது. அதைச் சும்மா கிடக்கிறது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கட்டார் போக, லொறி வாங்க, கடை போட என்று இதே காசைக் கேட்டு எத்தனையோ அண்ணன்மார் எனக்கு எழுதியிருக்கிறார்கள். தங்கச்சியிடம் கேட்டேன் என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

சரி, கேட்டதற்கும் சொல்கிறேன். சிசிஎன்ஏ செய்யுங்கள், அது மட்டும். அது நெட்வேர்க் கருவிகள் செய்கிற சிஸ்கோ கம்பனியின் சான்றிதழ். அதற்கு முன் வேறு சான்றிதழ் வேண்டும் என்று சிஸ்கோ கேட்பதில்லை. சிசிஎஸ்டி அதே சிஸ்கோவின் முதற்படி, 125 டொலர். தினமும் கொம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டுகிற உங்களுக்கு அந்தப் படி தேவையில்லை. நெட்வேர்க் பிளஸ் எந்தக் கம்பனியின் கருவியையும் சாராத நல்ல பரீட்சைதான். ஆனால் அதில் வருவதில் பெரும்பகுதியை சிசிஎன்ஏவுக்கும் படிக்கத்தான் வேண்டும். ஒரே பாடத்துக்கு ஏன் இரண்டு கட்டணம்? இரண்டு சான்றிதழும் 3 வருடத்தில் காலாவதியாகும் வேறு. மூன்றையும் கட்டி விற்பதில் லாபம் விற்கிறவருக்கு.

சிசிஎன்ஏ பரீட்சை 120 நிமிடம், 300 டொலர். தவறினால் திரும்பவும் முழுக்காசு. ஆகவே முதலில் படிப்பு, பிறகு கட்டணம். சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அக்கடமியில் பதிந்தால் பக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். நெட்வேர்க் கருவிகளான ரவுட்டரையும் சுவிட்சையும் திரையில் அதிலேயே இணைத்துப் பழகலாம். 192.168.10.0/24 என்ற நெட்வேர்க்கை /26 ஆகப் பிரித்தால் எத்தனை சப்நெட், அதாவது சிறு நெட்வேர்க், ஒவ்வொன்றிலும் எத்தனை கருவிக்கு இடம்? 4, 62 என்று கடதாசி இல்லாமல் வாயில் வரும்வரை பரீட்சைக்குப் பதியாதீர்கள்.

அதற்குச் சில மாதம் போகும். அந்த மாதங்களின் சம்பளத்தில் 300 டொலரைச் சேருங்கள். குறைந்தால், குறைகிற தொகையை மட்டும் தங்கச்சியிடம் கடனாகக் கேளுங்கள். அம்மாவிடமில்லை, அவளிடம். எவ்வளவு, எந்த மாதம் திருப்பித் தருவேன் என்று கொப்பியில் எழுதி, கையெழுத்து வைத்து அவள் கையில் கொடுங்கள். அவள் மாட்டேன் என்றால் முகத்தைச் சுளிக்காமல் எழும்பி வாருங்கள். காசு சேரும்வரை பரீட்சை எங்கேயும் ஓடிவிடாது.