குழுவுக்கு 30 பேர் போதுமா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் ஆய்வேட்டுக்காக இரண்டு குழுக்களை ஒப்பிடப் போகிறேன். குழுவுக்கு 30 பேர் போதும் என்கிறார்கள் சீனியர்கள். சரிதானா?

பதில்: அது வழிவழியாக வரும் எண், கணக்குப் போட்டு வந்ததல்ல. நடுத்தர வித்தியாசத்தை (கோஹென் டி 0.5, அதாவது சராசரிகளின் இடைவெளி திட்டவிலக்கத்தில் பாதி) 5% மட்டத்தில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் பிழைக்கு 5% வாய்ப்பு), இருபக்கச் சோதனையில் (எந்தக் குழு உயர்ந்தாலும் கணக்கில் வரும்), 80% வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 30 பேர் என்றால் வாய்ப்பு பாதிக்கும் கீழே. அதற்குக் காசு சுண்டிப் பார்க்கலாம்!

ஆள் கிடைக்கவில்லையா? ஒரே ஆளை இரண்டு நிலைகளிலும் சோதியுங்கள். இரு அளவீடுகளுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.5 இருந்தால் மொத்தம் 34 பேரிலேயே முடியும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தால் வரும் முன்னேற்றம் முடிவில் கலந்துவிடும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கைப் போடலாம். இடையில் முடிவைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் பத்துப் பேர்’ என்று சேர்க்க மட்டும் வேண்டாம். பிழை வாய்ப்பு 5%-ஐத் தாண்டிவிடும்.